முட்டி வலி

சில்லறைக்கு அந்தப் பெயரை வைத்ததே அவள் கணவன்தான். அப்போது அவன் கணவனாகவில்லை, வெறும் டவுன் பஸ் கண்டக்டர். அவள் செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நாள் காலையில் தோழியோடு பின்சீட்டில் உட்கார்ந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தவன் அப்படியே நின்று, வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏங்க, கேட்டா யாருகிட்டயும் சில்லறை இல்லன்னீங்க. இங்க இவ்வளவு கொட்டுது?" என்றான். அவளுக்குச் சிரிப்பு இன்னும் கூடிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டாள். அன்றைக்கு ஒட்டிய பெயர் கல்யாணம், பிரசவம் எல்லாம் ஆகியும் போகவில்லை. கடையில் சில்லறை, தெருவில் சில்லறை, நல்ல மனநிலையில் இருந்தால் மாமியாருக்கும் சில்லறை.

அப்பேர்ப்பட்டவள் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

காரணத்தை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவளால்தான் சொல்ல முடியவில்லை, நாமாவது சொல்லிவிடுவோம். சிரித்தால் உள்ளே இருப்பது நிற்பதில்லை. தும்மினால் நிற்பதில்லை. குழந்தையைத் தூக்கினால், குடத்தை இறக்கினால், கடையில் உட்கார்ந்து எழுந்தால், நிற்பதில்லை. பிரசவத்துக்குப் பிறகு சில நாள் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். குழந்தை கவிழ்ந்தது, உட்கார்ந்தது, இப்போது கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் மாட்டிக்கொண்டு கத்துகிறது. இவளுக்கு எதுவும் சரியாகவில்லை.

பழைய புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வாள். அதைத் துவைக்க வேண்டும், யார் கண்ணிலும் படாமல் காயவைக்க வேண்டும். கொடியில் துண்டுக்கு அடியில் போட்டால் காய்வதில்லை, மேலே போட்டால் மாமியார், "இதென்னடி, இத்தனை கந்தல்?" என்பாள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். அதனால் தலைவலிதான் வந்தது, இது போகவில்லை. தன் மேல் வாடை வருகிறதோ என்று போகிற இடமெல்லாம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஒரு நாளில் பாதி இந்தக் காவலுக்கே போய்விட்டது. மீதிப் பாதியில் வேலை, சமையல், குழந்தை. உடம்பு களைத்துப் போனால் படுத்து எழுந்து சரிசெய்துகொள்ளலாம். சதா ஒன்றை மறைத்துக்கொண்டே இருக்கிற களைப்பு இருக்கிறதே, அது தூங்கினாலும் கூடவே தூங்கி, கூடவே எழுந்தது.

குழந்தைக்கு ஊசி போடப் போனபோது சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை நினைத்தாள். டாக்டரம்மா குழந்தையின் எடை பார்த்தார், தலையை அளந்தார், பால் குடிக்கிறானா, தூங்குகிறானா, வயிறு ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். கடைசியில் அடுத்த ஆளைக் கூப்பிட மணியில் கை வைத்துக்கொண்டே, "வேற ஏதாவது?" என்றார்.

"ஒண்ணுமில்ல மேடம்."

இந்த 'ஒண்ணுமில்ல' அவள் வாயில் அப்படி ஊறிப்போயிருந்தது. என்ன யோசனை? ஒண்ணுமில்ல. ஏன் ஒரு மாதிரி இருக்க? ஒண்ணுமில்ல. என்மேல ஏதாவது கோபமா? ஒண்ணுமில்ல.

கண்டக்டர் பாவம். அவனுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே வைத்தியம் சிரிக்க வைப்பது. வண்டியில் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினாலும், ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள் என்று பார்த்துப் பார்த்து அவளுக்காக ஒரு கதையைப் பொறுக்கிக்கொண்டு வருவான். அவன் சொல்லுவான், அவள் சில்லறையைக் கொட்டுவாள், அதோடு அவன் அலுப்பு தீர்ந்துவிடும். இப்போது அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து அடுத்த நாள் இன்னும் நல்லதாகக் கொண்டு வந்தான். குரலை மாற்றினான், நடித்துக் காட்டினான், ஒரு நாள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஆடிக்கூடக் காட்டினான். அவன் நடிக்க நடிக்க அவள் தொடையை இறுக்கிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, எப்போது இந்த மனுஷன் நிறுத்துவான் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணில் பட்டது சுவரைப் பார்க்கிற அந்த முகம் மட்டும்தான்.

"பிள்ளை பெத்ததும் மகாராணிக்கு மூஞ்சி மேல போயிடுச்சு" என்றாள் மாமியார், குழந்தையிடம் சொல்கிற சாக்கில். "நாங்களும்தான் பெத்தோம்."

அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம். அவன் சாப்பிட உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டான். முகமெல்லாம் பல்.

"இன்னிக்கு ஒரு அம்மா. வண்டி பாலத்துல ஏறுது. 'தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா'ங்குது. 'இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா'ன்னேன். 'அவசரம்பா'ங்குது. என்ன அவசரம்னா வாயத் திறக்க மாட்டேங்குது. நெளியுது. நானும், 'அதெல்லாம் நிறுத்த முடியாதும்மா, கெட்டியா புடிச்சுக்குங்க'ன்னு சொல்லிட்டேன். நான் கம்பியத்தான் சொன்னேன், சத்தியமா! ஆனா மொத்த வண்டியும் சிரிச்சிருச்சு பாரு, டிரைவரு ஸ்டியரிங்கை விட்டுட்டுச் சிரிக்கிறாரு..."

சில்லறை எழுந்துவிட்டாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. உள்ளே போய்க் குழந்தைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அந்த அம்மா எந்த ஸ்டாப்பில் இறங்கினாள், எப்படி இறங்கினாள், இறங்கி எப்படி நடந்து போனாள் என்று மட்டும் யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"வெளியூர் லைனுக்கு ஆள் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வேணாம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இன்னிக்குப் பேரு குடுத்துடறேன்."

"வெளியூர்னா?"

"வாரத்துல ஒரு நாள் வீட்டுக்கு வருவேன். உனக்கும் என் மூஞ்சியப் பாக்காம நிம்மதியா இருக்கும்."

அவளுக்கு ஓடிப் போய் அவன் சட்டையைப் பிடித்து, அப்படி இல்லைங்க என்று கத்த வேண்டும் போலிருந்தது. அவன் வாசலில் நின்று ஒரு நிமிஷம் காத்துக்கூட இருந்தான். "என்ன? ஏதாவது சொல்லணுமா?" என்றான்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

செருப்புக் கடையில் அன்றைக்குப் பார்த்து ஊரே திரண்டு வந்த மாதிரி கூட்டம். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, எல்லாக் குழந்தைகளுக்கும் கால் வளர்ந்திருக்கிறது. அந்தக் கடையில் வேலை இரண்டு விதம். ஒன்று ஏணி வேலை: கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிற பெட்டிகளில் கேட்ட நம்பரைத் தேடி எடுத்துக் கீழே கொடுப்பது. இன்னொன்று கால் வேலை: வாடிக்கையாளர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, போட்டுவிட்டு, கட்டைவிரலை அழுத்திப் பார்த்து, எழுந்து, அடுத்த ஜோடிக்கு மறுபடியும் உட்காருவது. சில்லறைக்குக் கால் வேலை. ஏணி வேலை ஏணியக்காவுடையது. அவளுக்கு முட்டி வலி, கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று முதலாளியிடம் சொல்லி, சில்லறை சேருவதற்கு ரொம்ப வருஷம் முன்னாலேயே அதை வாங்கிக்கொண்டாள். பேச்சு குறைவு. கிண்டல் செய்தால் மேலேயிருந்து ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

மத்தியானம் ஒரு ஆள் பூட்ஸ் வாங்க வந்தான். நல்ல ஆகிருதி. ஒரு நம்பர் சின்னதைக் கொண்டு வரச் சொல்லி, இதுதான் என் சைஸ், எனக்குத் தெரியாதா என்று அடம்பிடித்தான். சில்லறை அவன் குதிகாலைக் கையில் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தள்ளுத் தள்ளினாள். பூட்ஸ் உள்ளே போனது. இங்கே எல்லாம் போய்விட்டது.

கொஞ்ச நஞ்சமில்லை. மடித்து வைத்த துணியைத் தாண்டி, பாவாடையைத் தாண்டி, வெளிர் நிறச் சீருடைப் புடவையில் சூடாகப் பரவுவது அவளுக்குத் தெரிந்தது. அவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் பின்னால் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

"எந்திரிம்மா, கண்ணாடியக் காட்டு" என்றான் அந்த ஆள்.

"இருங்க சார்."

"என்ன இருங்க? எவ்வளவு நேரம் காலைப் புடிச்சுக்கிட்டு இருப்ப?"

யாரோ சிரித்தார்கள். கல்லாவிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். சில்லறை தலையைக் குனிந்துகொண்டு அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். கடவுளே, இப்படியே தரை பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா!

அப்போதுதான் மேலேயிருந்து தடதடவென்று பெட்டிகள் கொட்டின. ஒன்றிரண்டு இல்லை, ஒரு வரிசை மொத்தமும். குழந்தைகளின் பள்ளிக்கூட ஷூக்கள் நாலா பக்கமும் உருண்டன. "ஐயோ, கை தவறிப் போச்சு!" என்று ஏணியக்கா கத்திய கத்தலில் கடையே அந்தப் பக்கம் திரும்பியது. முதலாளி கல்லாவை விட்டு ஓடினார். ஏணியிலிருந்து மடமடவென்று இறங்கிய அக்கா, தூசி துடைக்கிற பெரிய துணியைச் சில்லறையின் இடுப்பைச் சுற்றிப் போட்டு, "பின்னாடி போ" என்று பல்லுக்கிடையில் சொன்னாள்.

பெட்டி அடைத்த பின்னறையில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். சற்று நேரத்தில் அக்கா அங்கே வந்து கதவைச் சாத்தினாள். தன் கைப்பையின் அடியிலிருந்து ஒரு பாவாடையையும் மாற்றுப் புடவையையும் எடுத்து நீட்டினாள். துவைத்து, மடித்து, பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்தாள்.

"எப்பவும் ஒரு செட்டு வெச்சிருப்பேன்" என்றாள்.

"உங்களுக்கு எதுக்குக்கா இது?"

"முட்டி வலிக்குத்தான்."

சில்லறை நிமிர்ந்து பார்த்தாள். "முட்டி வலிக்குப் பாவாடை எதுக்குக்கா?"

அக்கா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பிறகு புடவை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு முட்டியில ஒரு வலியும் கிடையாது பொண்ணே. முட்டி வலிக்கிறவ நாள் பூரா ஏணி ஏறுவாளா? இத்தனை வருஷத்துல இந்தக் கடையில ஒருத்தருக்காவது அது தோணுச்சா? கீழ உக்காந்து எந்திரிச்சா எனக்கும் உன்னை மாதிரிதான். ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் வந்தது. இப்ப அடியில ஏதோ இறங்கி நிக்கிற மாதிரியே இருக்கு."

"இதுக்கு வைத்தியம் இல்லையாக்கா?"

"இருக்குமோ என்னவோ. யாருகிட்டப் போயி, என்னன்னு சொல்லிக் கேக்கறது? அவருகிட்டயே சொல்லல. அவரு போயும் சேர்ந்துட்டாரு." அக்கா பாலிதீன் பையை நீவி நீவி மடித்தாள். "எம் பொண்ணு வெளியூர்ல இருக்கா. அவளுக்குக் குழந்தை பொறந்து ஓடி விளையாடுது. நான் ஒரு தடவைகூடப் போனதில்ல. அரை நாள் பஸ்ஸு. நடுவுல நிறுத்தச் சொன்னா நிறுத்துவானா? கேட்டா மொத்த வண்டியும் திரும்பிப் பாக்கும். முட்டி வலின்னு சொல்லிட்டேன். 'எங்கம்மாவால ஏணி ஏற முடியும், பஸ் மட்டும் ஏற முடியாது'ன்னு அவ ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கா. என்மேல பாசமே இல்லன்னு நெனச்சுட்டா."

 சில்லறைக்கு இரக்கம் வர வேண்டிய இடத்தில் முதலில் பயம்தான் வந்தது. வாரத்துக்கு ஒரு நாள் வந்து போகிற கணவன், அப்புறம் வராத கணவன், அம்மா ஏன் என்னைப் பார்க்க வருவதில்லை என்று கேட்கிற பிள்ளை, பையின் அடியில் மாற்றுப் புடவை, தான் ஏணியின் மேல். எல்லாம் இதோ, பெட்டி மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறது.

"நான் சொல்லிடப் போறேன்கா" என்றாள்.

"சொல்லு, சொல்லு. முதல்ல மூஞ்சியக் கழுவு" என்று அக்கா எழுந்து போனாள். கொட்டிய பெட்டிகளை அடுக்குவதற்கு அவளுக்குச் சாயங்காலம் வரை ஆயிற்று. முதலாளி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டதையும் வாங்கிக்கொண்டாள்.

சில்லறை வீட்டுக்கு வந்தபோது கண்டக்டர் முன்னாலேயே வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமியார் கடைக்குப் போயிருந்தாள்.

"பேரு குடுத்தாச்சு" என்றான். "அடுத்த வாரம் ஏறணும்."

அவள் பையை இறக்கவில்லை. நின்றுகொண்டே ஆரம்பித்தாள். "ஒண்ணு..."

"தெரியும். ஒண்ணுமில்ல. அதானே?"

"ஒண்ணுமில்ல இல்லைங்க. ஒண்ணுக்கு."

"ஒண்ணுக்கா?" அவன் குழம்பிப்போய்க் குழந்தையை நகர்த்தி வைத்துக்கொண்டான். "அதுக்கு ஏன் நின்னு சொல்லிக்கிட்டிருக்க? போயிட்டு வா. நான் குழந்தைய வெச்சுக்கறேன்."

அவளால் தாங்க முடியவில்லை. காலையிலிருந்து, ஏன், பிரசவத்திலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வெடித்தது. சில்லறை கொட்டியது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் முகம் மலர்ந்ததையும் பார்த்தாள். "அட, சிரிச்சுட்டா!" என்று அவன் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பிறகு அவன் பார்வை கீழே போனது. அவள் காலடியில் தரை ஈரமாகிக்கொண்டிருந்தது.

"இதான்" என்றாள். இப்போது அழுதுகொண்டிருந்தாள். "இதுக்குத்தான் சிரிக்கல. தும்மினா வருது, தூக்கினா வருது, சிரிச்சா நிக்காம வருது. நீங்க தினம் தினம் வந்து சிரிக்க வெக்க வெக்க நான் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருந்தேன். உங்களைப் பிடிக்காம இல்லைங்க. உங்களைப் பிடிச்சுத்தான் இத்தனையும் அடக்கிக்கிட்டேன்!"

"இதுக்கா..." என்று ஆரம்பித்தான்.

"இதுக்காவா? என்ன இதுக்காவா? ஒரு நாள் இந்தத் துணியைக் கட்டிக்கிட்டு வண்டியில நில்லுங்க, தெரியும் இதுக்காவா இல்லையான்னு!"

அவன் குழந்தையைப் பாயில் விட்டுவிட்டு, துடைக்கிற துணியை எடுத்து வந்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்று காலை நகர்த்த, குனிந்து தரையைத் துடைத்தான். பாதியில் நிறுத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நேத்து அந்தம்மா" என்றான். "இறங்கறப்ப பையப் பின்னாடி பிடிச்சுக்கிட்டு இறங்குச்சு. நான் பார்த்தேன் சில்லறை. பார்த்துட்டும் உன்கிட்ட வந்து சிரிப்பா சொன்னேன்."

அவள் மாற்றுத் துணி எடுக்க உள்ளே போனாள்.

டாக்டரம்மாவிடம் அக்காவையும் இழுத்துக்கொண்டுதான் போனாள். வர மாட்டேன் என்று அடம்பிடித்தவளை, பாவாடையைத் திருப்பித் தர மாட்டேன் என்று மிரட்டி அழைத்துப் போக வேண்டியிருந்தது. டாக்டரம்மா முதலில் வயதில் பெரியவளைப் பார்த்து, "சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" என்றார்.

"முட்டி வலி டாக்டர்" என்றாள் அக்கா.

சில்லறை அவள் கையைக் கிள்ளினாள். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கிணற்றில் குதிக்கிறவள் மாதிரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அடுத்து சில்லறை சொன்னாள்.

"குழந்தைக்கு ஊசி போட வந்தப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றார் டாக்டரம்மா.

"குழந்தையப் பத்திக் கேட்டீங்க மேடம். அவன் நல்லாத்தான் இருந்தான்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். இரண்டு பேரையும் தனித்தனியாகப் படுக்க வைத்துப் பரிசோதித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார். இடுப்புக்கு அடியில் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்க ஒரு தசை இருக்கிறது, தூளி கட்டின மாதிரி. பிள்ளையைச் சுமந்து, பெற்று, அது தளர்ந்துபோகிறது. நிறையப் பேருக்கு இருக்கிறது, ஆனால் நிறையப் பேருக்கு இருக்கிறது என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. சில்லறைக்குப் பயிற்சி. உள்ளே அடக்குகிற மாதிரி இறுக்கிப் பிடித்து, விட வேண்டும். தினமும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. உடனே சரியாகாது, மாதக்கணக்கில் ஆகும், குறையாவிட்டால் மறுபடி பார்ப்போம். அக்காவுக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது. இப்போதைக்கு உள்ளே ஒரு வளையம் வைத்துத் தாங்கலாம், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். அன்றைக்கே அளவு பார்த்து வளையத்தை வைத்தும் விட்டார்.

"இவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

"இவ்வளவுதான்."

"இதுக்கா எம் பொண்ணு பிரசவத்துக்கு நான் போகல?" என்று கேட்டாள் அக்கா. டாக்டரம்மாவிடம் கேட்டாளா, சில்லறையிடமா என்று தெரியவில்லை.  வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாள்.

டிப்போவில் கொடுத்த பெயரைத் திருப்பி வாங்க முடியவில்லை. வேறு ஆள் வரும் வரைக்கும் போ என்று சொல்லிவிட்டார்கள். கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் வாசலில் நாலு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். சில்லறைக்குக் குழந்தை, கடை, துணி எல்லாம் பழையபடிதான். ஆனால் முதலாளியிடம் நேராகப் போய், "எனக்கும் முட்டி வலி" என்று சொல்லி, ஒரு ஸ்டூலை வாங்கிக்கொண்டாள். இப்போது அதில் உட்கார்ந்துதான் கால் வேலை. சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து பயிற்சி செய்தாள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"ஏன் சும்மா உக்காந்திருக்க? துணிய மடிக்கலாம்ல?" என்றாள் மாமியார்.

"சும்மா இல்ல அத்தை. டாக்டர் சொன்ன பயிற்சி." எதற்கு என்பதையும், எப்படி என்பதையும் சொன்னாள்.

மாமியார் தானே துணியை மடித்தாள். சில நாள் கழித்துப் பார்த்தால், டிவியில் செய்தி ஓடுகிறது, மாமியார் மூச்சை நிதானமாக விட்டுக்கொண்டு, எங்கோ பார்த்தபடி, அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். சில்லறை துணியை எடுத்து மடித்தாள்.

அக்கா லீவு போட்டுப் பெண்ணைப் பார்க்கக் கிளம்பியது கண்டக்டரின் வண்டியில்தான். வளையம் வைத்தாயிற்று, மாற்றுப் புடவை பையில் இருக்கிறது, ஆனாலும் ஏறும்போது அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாளாம். இதையெல்லாம் அவன் திரும்பி வந்த அன்று சாயங்காலம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான். குரலை மாற்றவில்லை, நடித்துக் காட்டவில்லை. களைத்துப் போயிருந்தான்.

"பாதி வழியில அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு வேர்த்து ஊத்துது. கேக்க மாட்டாங்கன்னு தெரியும். பெட்ரோல் பங்க் ஒண்ணு வந்துச்சு. விசில் அடிச்சு, 'டயர்ல காத்துப் பாக்கணும், நிறுத்துங்க'ன்னேன். டிரைவரு, 'காலையிலதானய்யா பார்த்தோம்'கிறாரு. 'இல்லண்ணே, பின் டயருல சத்தம் வருது'ன்னுட்டேன். வண்டி நின்னுச்சு. வண்டிக்குள்ள எல்லாம் முணுமுணுப்பு. லேட்டாகுது, அது இதுன்னு."

"அக்கா இறங்கினாங்களா?"

"எந்திரிச்சாங்க. ஒருத்தன் வேணும்னே, 'காத்து டயருக்குத்தான, நீ எங்கம்மா போற?'ன்னான். அக்கா அவனைப் பார்த்து, 'எனக்கு முட்டி வலி, கொஞ்சம் காலை நீட்டி நடக்கணும்'னாங்க. பாத்ரூம் பக்கம் போயிட்டாங்க." அவன் குழந்தையின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். "அப்ப பின்சீட்டுலேருந்து ஒரு அம்மா எந்திரிச்சாங்க. 'எனக்கும் முட்டி வலி'ன்னாங்க. அவங்க இறங்கினதும் இன்னொருத்தங்க, 'எனக்கும்தான்'னாங்க. அதுக்குப் பின்னாடி வரிசையா. கைக்குழந்தையோட ஒரு சின்னப் பொண்ணு, நேத்துதான் கல்யாணமான மாதிரி இருக்கு, அதுக்கும் முட்டி வலியாம். குழந்தைய என் கையில குடுத்துட்டு ஓடுச்சு. வண்டி பாதி காலி சில்லறை. எல்லாம் பொம்பளைங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அந்தக் குழந்தைய வெச்சுக்கிட்டு நின்னேன். கடைசி ஆள் ஏறுற வரைக்கும் விசில் குடுக்கல."

சில்லறைக்கு முதலில் கண்தான் கலங்கியது. பிறகு, கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டு ஓடிய அந்தப் பெண்ணின் முட்டி வலியை நினைத்தாள், பின் டயரை நினைத்தாள், ஒன்றும் புரியாமல் நின்றிருக்கக்கூடிய டிரைவரை நினைத்தாள். சில்லறை கொட்ட ஆரம்பித்தது. உள் அறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள். சிரிப்பில் கொஞ்சம் நழுவத்தான் செய்தது. முன்னளவுக்கு இல்லை, கொஞ்சம்தான்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "போயிட்டு வா" என்றான். "நான் குழந்தைய வெச்சுக்கறேன்."

"இருங்க, போறேன்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முதல்லேருந்து சொல்லுங்க. டயருல என்ன சத்தம் வந்துச்சு?"